பசிப்பிணி தீர்த்த முன்சீப்

டிசம்பர்த் திங்கள் பிறந்துவிட்டால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்குத் தெரு காகித விண்மீன்கள் ஒளிவிடத் தொடங்கும். பனி இறங்கும் இரவுகளில், கையில் விளக்கும் தோளில் தாளக் கருவியுமாகப் பாடகர் குழுக்கள் வீடு வீடாகச் செல்லும். கிறிஸ்துவர் இல்லாத வீடுகளும் அந்தப் பாட்டைக் கேட்கக் கதவைத் திறந்து வைக்கும். ஒருவருக்கொருவர் கொடுத்து மகிழும் காலம் அது. கொடுத்தல் என்பது எளிய செயல்தானே என்று நாம் எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது எவ்வளவு அரிய கலை என்பதை எனக்கு உணர்த்தியவர், 1889ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒரு பெரியவர். அவர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

அவர் வரலாற்றைக் கூறுமுன், அவரை நான் தேடிச் சென்ற காரணத்தைக் கூறிவிடுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு தூக்குவாளியின் கதை

2015ஆம் ஆண்டின் பெருமழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். அம்பத்தூரில் தாழ்வானதொரு தெருவில் எங்கள் வீடு. டிசம்பர் முதல் நாள் இரவு முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்து மாடி ஒன்றில் நான்கு நாள் இருந்தோம். தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்தால் அரிசி, துணி, என் பாடநூல்கள் எல்லாம் சேற்றில் ஊறிக் கிடந்தன. அப்பா எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்துவந்தார். பட்டறையின் மோட்டார்கள் நீரில் மூழ்கியதால் பல நாள் வேலையில்லை, கூலியும் இல்லை.

கிறிஸ்துமசுக்குச் சில நாள் முன்பு ஒரு குழுவினர் வேனில் வந்தார்கள். அவர்கள் பெயர் இங்கு வேண்டா. அவர்கள் கொடுத்த அரிசிப் பை எங்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையில் நிறுத்தினார்கள். பையை மார்புக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். முகத்தை மறைத்த முந்தானையை விலக்கிச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அம்மா சிரித்தார். அன்றிரவு எங்களுக்குச் சோறு வடித்துப் போட்ட அம்மா, தாம் மட்டும் உண்ணாமல் படுத்துக்கொண்டார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலை எதிர்வீட்டு ஆயா வந்தார். ஆண்டுதோறும் அவர் வீட்டிலிருந்து தூக்குவாளி நிறைய அதிரசமும் அச்சு முறுக்கும் வரும். அந்த ஆண்டு அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது. சுவரில் ஈரம்கூடக் காயவில்லை. ஆயினும் அதே தூக்குவாளியோடு வந்து நின்றார். உள்ளே நான்கே அதிரசம். எங்கள் வீட்டில் நால்வர். வெள்ளத்தைப் பற்றியோ எங்கள் வறுமையைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. எப்போதும்போல வீட்டு நலம் கேட்டுவிட்டுப் போனார்.

தூக்குவாளியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை அல்லவா? வீட்டில் சர்க்கரைகூட இல்லை. அம்மா சற்றுநேரம் யோசித்தார். பிறகு, வரிசையில் நின்று வாங்கிய அந்த அரிசியிலிருந்து இரு கை அள்ளி அதில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். அந்த ஒரு மாதத்தில் அம்மாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டேன். கொடுப்பதில் உள்ள இன்பம் இன்னது என்பதை முதன்முதல் கண்ணால் கண்ட நாள் அதுவே.

கண்டும் மறந்தேன் என்பதுதான் வெட்கம். சென்ற ஆண்டு நவம்பரில், நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கூடி, கிறிஸ்துமசை ஒட்டி ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொருள் வழங்கத் திட்டமிட்டோம். மேடை, பேனர், புகைப்படம் எல்லாம் பேசி முடிவாயிற்று. பேனரில் எழுத வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நானேதான்! அந்த வாரமே தமிழ்ப் பேராசிரியர், ஆண்டு மலருக்கு வேதநாயகம் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு எனக்குப் பணித்தார். முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்ற அளவில் மட்டுமே அவரை நான் அறிந்திருந்தேன். நூலகத்தில் அமர்ந்து படிக்கப் படிக்க, நாவலாசிரியர் பின்னே சென்றார், கொடையாளர் முன்னே வந்தார்.

பிறப்பும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூர் என்னும் ஊரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் வேதநாயகர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மை. கத்தோலிக்க வேளாளர் குடும்பம். தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அக்காலத்தில் ஆங்கிலம் கற்றோர் பலர் தமிழை மறந்தனர். தமிழ் கற்றோர் பலர் ஆங்கிலத்தை அண்டவில்லை. இவரோ இரண்டையும் இரு கண்களாகக் கொண்டார். இளமையிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றலும் கைவந்தது.

1848ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியேற்றார். இரண்டாண்டுகளில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். வழக்காடுவோர் தமிழில் கூறுவதை ஆங்கிலத்திலும், நீதிபதி ஆங்கிலத்தில் கூறுவதைத் தமிழிலும் ஆக்கித் தருவது அப்பணி. எழுத்தறியாத உழவர் ஒருவர், தம் நிலம் யாருக்கு என்று தீர்ப்பாகியிருக்கிறது என்பதை அறிய, மொழிபெயர்ப்பாளரின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருந்த காலம் அது. எளியவர் படும் துயரை அருகிருந்து காணும் வாய்ப்பு வேதநாயகருக்கு அந்த இருக்கையிலேயே கிடைத்தது.

நீதி வழங்கிய கை

1857ஆம் ஆண்டில் அவர் முன்சீப் ஆனார். முதலில் தரங்கம்பாடி, பின்னர்ச் சீர்காழி, அதன்பின் மாயூரம். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அந்த மாயூரத்தில் 13 ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தார். அதனால்தான் பிறந்த ஊரின் பெயரை விடுத்து, பணியாற்றிய ஊரின் பெயராலேயே நாட்டார் அவரை அழைக்கலாயினர்.

அந்நாளில் கீழ்நிலை நீதிமன்றங்களில் கைக்கூலி மலிந்திருந்தது. பொருள் உடையவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு வேறொரு நீதி என்ற நிலை. வேதநாயகர் கைநீட்டாதவர் என்பதோடு நின்றுவிடவில்லை. 1859ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நீதிநூலில், கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டித்துத் தனிப் பகுதியே பாடினார். அதிகாரி ஒருவரே, அதிகாரிகளின் குற்றத்தைக் கூறிப் பாடுவதென்றால் எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

1862ஆம் ஆண்டில் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரை மேல் நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளின் சாரத்தை அதில் தமிழில் தந்தார். சட்டத்தின் அறிவு ஆங்கிலம் அறிந்த சிலருடைய பெட்டியில் பூட்டிக் கிடக்கலாகாது, அது தமிழ் படித்த எவர் கைக்கும் எட்ட வேண்டும் என்பதே இந்நூலின் பயன். பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்பதற்காகப் பெண்மதி மாலை எழுதினார். அது வெளிவந்த ஆண்டு 1869. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று வீடுதோறும் கேட்ட காலத்தில் எழுந்த நூல் அது.

இவற்றையும் நான் கொடை என்றே கருதுகிறேன். பொருளைக் கொடுப்பது ஒன்றே ஈகை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அறிவைப் பூட்டிவைக்காமல் திறந்துவிடுவதும் ஈகையே. பின்னாளில் பஞ்சத்தில் திறந்த கை, அதற்கு முன்பே பல வகையில் திறந்து பழகிய கையாகும்.

சமயம் கடந்த நட்பு

வேதநாயகர் தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தேவமாதா அந்தாதி முதலிய பாடல்களைப் பாடியவர். ஆயினும் அவருடைய நெருங்கிய நண்பர்களைப் பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவத்தின் தூண், உ.வே. சாமிநாத ஐயரின் ஆசிரியர். அவர் கிறிஸ்துவராகிய வேதநாயகரைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை என்ற நூலையே பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகரும் ஒருவரையொருவர் மதித்துப் போற்றினர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதே ஊர்ப்புறத்தில் வாழ்ந்து அவரோடு பழகியவர்.

1872ஆம் ஆண்டில் வேதநாயகர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1876 பிப்ரவரித் திங்களில் நண்பர் மகாவித்துவான் மறைந்தார். பதவி போயிற்று, உற்ற நண்பரும் போயினார். இனி ஓய்ந்திருந்து பாட்டெழுதிக் காலம் கழிக்கலாம் என்று வேறொருவராயின் எண்ணியிருப்பார். ஆனால் அந்த ஆண்டு தமிழ்நாட்டின் வரலாற்றில் ஒரு கரிய ஆண்டாக அமைந்துவிட்டது.

தாது வருடப் பஞ்சம்

நம் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்த தாது வருடப் பஞ்சம் அதுதான். 1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் கோடையில் மழையில்லை. பல்லாரி, கடப்பை, கர்நூல், சேலம், கோவை, வடாற்காடு என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி காய்ந்தது. அம்பத்தூர், பூந்தமல்லி முதலிய நம் ஊர்கள் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டமும் தப்பவில்லை. ஏரிகளை நம்பிய பூமி, ஏரி வற்றினால் என்ன செய்யும்? தென்னாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டனர் என்று வரலாற்றறிஞர் கணக்கிடுகின்றனர்.

நாம் நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மின்தொடர் வண்டிப் பாதையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856 ஜூலை முதல் நாள் தொடங்கப்பெற்ற இருப்புப்பாதை, அம்பத்தூர், ஆவடி வழியாகவே மேற்கே செல்கிறது. பஞ்ச காலத்தில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. அதனை ஏற்றிய சரக்கு வண்டிகள் இந்தப் பாதையில்தான் உள்நாட்டுக்குச் சென்றன. பசித்தவன் கண்ணெதிரே தானியம் ஓடிற்று. ஆனால் அது விற்பனைக்குரிய தானியம். விலை ஏறிக்கொண்டே போயிற்று. கையில் காசில்லாதவனுக்கு வண்டி நிறையத் தானியம் இருந்தென்ன, இல்லாமல் போயென்ன?

அரசு உதவி செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது. ஆனால் எப்படிச் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். பஞ்ச நிலையைக் கண்டறிய 1877 தொடக்கத்தில் அனுப்பப்பெற்ற சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைப்பதிலேயே கருத்தாக இருந்தார். நிவாரண வேலை செய்யும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அளவு வகுத்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் 450 கிராம் அளவு. பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. உண்மையிலேயே பசித்தவன்தானா என்று சோதிப்பதற்காக, வீட்டைவிட்டுத் தொலைவிலுள்ள வேலைத்தலத்துக்கு அவனை நடக்க வைத்தார்கள். எலும்பும் தோலுமானவர்கள் மண் சுமந்தார்கள். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இவ்வளவு சிறிய உணவில் உழைக்கும் உடல் உயிர்தாங்காது என்று வாதாடினார். பின்னரே அளவு சிறிது உயர்த்தப்பட்டது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே ஆகும். அதன் கரையில் நடக்கும்போது வெட்டிய கைகளை நாம் நினைக்க வேண்டாவா?

1876ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசை எண்ணிப் பார்க்கிறேன். ஊர்கள் காய்ந்து, மக்கள் குழந்தைகளோடு சாலைகளில் இறங்கிவிட்ட நேரம். அதற்கு ஒரு வாரம் கழித்து, 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியானதைக் கொண்டாட டெல்லியில் மாபெரும் தர்பார் நடந்தது. வைசிராய் லிட்டன் பிரபு தலைமையில் மன்னர்களும் அதிகாரிகளும் விருந்துண்டனர். ஒரே நாட்டில் ஒரே வாரத்தில் ஒருபுறம் விருந்து, மறுபுறம் பட்டினி. மாட்டுக் கொட்டிலில் பிறந்த ஏழைக் குழந்தையின் பெயரால் கொண்டாடும் திருநாளை ஒட்டி இப்படியொரு காட்சி!

மாயூரத்துக் கஞ்சித்தொட்டி

மாயூரம் காவிரிப் படுகையில் உள்ளது. மழை பொய்த்த மாவட்டங்களைப்போல அங்கு நிலம் முற்றும் காயவில்லை. ஆற்றுநீர்ப் பாசனம் தஞ்சை மாவட்டத்தை ஓரளவு காத்தது. ஆனால் அதுவே வேறொரு துன்பத்தைக் கொணர்ந்தது. பஞ்சம் பட்ட ஊர்களில் நெல்லுக்கு நல்ல விலை கிடைத்ததால் நெல் அங்கே சென்றது. விளைந்த ஊரிலேயே விலை ஏறியது. அறுத்துக் களத்தில் சேர்த்த கூலிக்காரன் அந்த நெல்லை வாங்க இயலாதவன் ஆனான். வெளியூர்களிலிருந்து பசித்தவர்களும் சோறுடைய நாடென்று நம்பி வந்து சேர்ந்தார்கள். களஞ்சியம் வைத்திருந்தவர்களுக்கு அது பெரும் பொருள் சேர்க்கும் காலம். கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருந்தால் போதும்.

வேதநாயகர் கதவைத் திறந்தார். அவர் அப்போது முன்சீப் அல்லர். அதிகாரம் இல்லை, அரசின் கருவூலம் அவர் கையில் இல்லை. ஓய்வு பெற்ற ஒருவர் தம் முதுமைக்கென்று வைத்திருக்கும் பொருள் எதுவோ அதுதான் இருந்தது. அந்தச் சொந்தப் பொருளைக்கொண்டே மாயூரத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தார் என்பது அவர் வரலாறு எழுதினோர் அனைவரும் போற்றிக் கூறும் செய்தி. காய்ச்சிய கஞ்சியைப் பெருந்தொட்டியில் ஊற்றிவைத்து வருவோர்க்கெல்லாம் வார்ப்பதால் கஞ்சித்தொட்டி என்று பெயர். சென்னை வடபகுதியில் 1782 பஞ்சத்தின்போது தோன்றிய கஞ்சித்தொட்டியின் பெயர் நெடுங்காலம் அப்பகுதிக்கே வழங்கிற்று. அத்தகைய அறத்தை ஒரு தனிமனிதர் தம் வீட்டுப் பொருளால் நடத்தினார் என்றால், அதன் அருமை நமக்கு விளங்கும்.

கஞ்சி வார்த்ததோடு அவர் மனம் அமையவில்லை. மழையின்றி வாடும் மக்களுக்காகவும், பஞ்சம் தீர வேண்டியும் இறைவனை நோக்கிக் கீர்த்தனைகள் பாடினார். தம் வேண்டுதலைத் தம் சமயத்தார்க்கு மட்டும் உரியதாக அவர் ஆக்கவில்லை. 1878ஆம் ஆண்டில், பஞ்சத்தின் வடு மாறாத நேரத்தில், சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்ற நூலை வெளியிட்டார். பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. எந்தச் சமயத்தவரும் தம் கடவுளை நினைந்து பாடத்தக்க பாடல்கள் அவை. பசிக்குச் சமயம் இல்லை என்பதைத் தொட்டியருகே கண்டவருக்கு, பாட்டிலும் சமய வேலி போட மனம் வருமா?

இக்கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். சிவபெருமானின் அடியவரைப் பாடிய வாய் அது. தில்லைக்குப் போகத் துடித்த நந்தனின் ஏக்கத்தைப் பாடிய வாய் அது. அந்த வாய் ஒரு கிறிஸ்துவ முன்சீப்பைப் பாடிற்று. அரசு தந்த பட்டத்தினும் பன்மடங்கு உயர்ந்த பட்டம் இது என்பேன். ஏனெனில், பசித்து வந்தவரை நிறுத்தி நீ யார், எவன், எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று கேட்ட கையை ஒரு சைவப் பாடகர் பாடியிருக்க மாட்டார்.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஒரே பஞ்சத்தில் இருவகைக் கொடை. ஒன்று, பசித்தவனை நடக்கவைத்து, சோதித்து, பவுண்டுக் கணக்கில் அளந்து கொடுத்தது. மற்றொன்று, வந்தவனுக்கு வார்த்தது. முன்சீப் என்பவர் வாழ்நாள் முழுதும் சான்று கேட்டே பழகியவர். யார் கூற்று மெய், யாருடையது பொய் என்று எடைபோடுவதே அவர் தொழில். அப்படிப்பட்டவர் பசியின் முன் எடைபோடவில்லை. குழிந்த வயிற்றைவிட வேறு சான்று எதற்கு? வானிலிருந்து பெரிய உண்மை எதுவும் எனக்கு அன்று இறங்கிவிடவில்லை. என் அம்மா பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த முகமும், நான் எழுதிக் கொடுத்த பேனர் வாசகமும்தாம் கண்முன் வந்து நின்றன.

இறுதிக் காலம்

பஞ்சம் நீங்கிய மறு ஆண்டு, 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழில் எழுந்த முதல் நாவல் என்று நாம் தேர்வில் எழுதும் நூல் இதுவே. சிரிப்பும் சிந்தனையும் கலந்த நடை. அதில் கதைத் தலைவி ஞானாம்பாள் அறிவிலும் துணிவிலும் ஆடவரை விஞ்சி நிற்கிறாள். ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளுகிறாள். தமிழ் மக்களின் வழக்கைத் தமிழ் நீதிபதி முன்பு தமிழ் வழக்குரைஞர்கள் ஆங்கிலத்தில் நடத்தும் வேடிக்கையையும் அந்நூல் நன்றாகக் கடிந்துரைக்கிறது. 1887ஆம் ஆண்டில் சுகுணசுந்தரி என்ற இரண்டாவது நாவலை எழுதினார்.

மாயூரம் நகரமன்றத் தலைவராகவும் அவர் தொண்டாற்றினார். 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் கஞ்சி வார்த்த தொட்டி இன்றில்லை. கஞ்சி குடித்துப் பிழைத்தவர் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அவர்களின் மக்களும் பேரமக்களும் எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள் அல்லவா? அவர்களில் ஒருவர் நம் வகுப்பிலேயே நம் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். ஒரு பிடி கஞ்சி, ஒரு மரபையே காத்திருக்கும். இதனினும் பெரிய நினைவுச்சின்னம் எந்தக் கொடையாளருக்கு வாய்க்கும்?

கொடுத்து மகிழும் கலை

கொடுத்து மகிழ்வதில் உள்ள இன்பத்தை வள்ளுவப் பெருந்தகை ஈகை அதிகாரத்தில் பேசுகிறார். பிறர் பசியைத் தீர்ப்பதே பொருளைச் சேமித்து வைக்கத்தக்க இடம் என்றும் காட்டுகிறார். இவற்றை நாம் மனப்பாடமாக ஒப்புவிப்போம். வாழ்ந்து காட்டியவர் ஒருவரைப் பார்த்தபின்தான் எனக்கு அதன் பொருள் விளங்கிற்று. பெறுபவனைத் தாழ்த்தாத கொடையில்தான் கொடுப்பவனுக்கு இன்பம் உண்டு. பெறுபவன் தலை குனிந்தால், கொடுப்பவன் பெறுவது புகழாக இருக்கலாம். இன்பமாக இராது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, பேனர் வேண்டா என்றேன். எழுதிக் கொடுத்தவனே வேண்டா என்கிறானே என்று நண்பர்கள் நகைத்தார்கள். புகைப்படம் இல்லாவிட்டால் நாம் செய்தது யாருக்குத் தெரியும் என்று கேட்டார்கள். அது நேர்மையான கேள்விதான். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் அல்லவா? அப்போது, அதுவரை யாரிடமும் கூறாத அந்தத் தூக்குவாளிக் கதையைக் கூறினேன். என் குரல் இடையில் தடுமாறிவிட்டது. கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. கணக்கைத் தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, முகங்களைப் படம் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

கிறிஸ்துமசுக்கு முதல்நாள் மாலை பூந்தமல்லிக்கு அருகில், கட்டட வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைகளுக்குச் சென்றோம். வரிசை இல்லை, மேடை இல்லை. இருவர் இருவராகப் பிரிந்து ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் நின்று, விருந்தினர்போல அழைத்துக் கொடுத்தோம். எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. கடைசிக் கொட்டகையில் ஓர் அம்மையார் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, எங்களைப் போகவிடாமல் கையமர்த்தினார். அடுப்பை மூட்டினார். பால் இல்லாத தேநீரை இரு குவளைகளில் ஊற்றிக் கொண்டுவந்து, நாங்கள் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பத்தாண்டுகளுக்கு முன் இரு கை அரிசியைத் தூக்குவாளியில் இட்டபோது என் அம்மாவின் முகத்தில் கண்ட அதே மலர்ச்சி அங்கே இருந்தது. கொடுக்கப் போனவன் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மாயூரத்துத் தொட்டியருகே நின்று கஞ்சி வார்த்த அந்த முதியவரும் இப்படித்தான் மகிழ்ந்திருப்பார் என்று என் உள்ளம் சொல்லிற்று.

மாணவ நண்பர்களே! இந்த டிசம்பரிலும் விண்மீன்கள் ஒளிவிடும், மழையும் வரும். யாரோ ஒருவருக்கு நம் கை தேவைப்படும். கொடுப்போம். கொடுக்கும்போது, பெறுபவர் நமக்குத் திருப்பிக் கொடுக்க ஓர் இடமும் வைப்போம். வேதநாயகர் புகழ் வாழ்க!

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு